ஒரே ஃபைல்ல மூணு புள்ளைங்க: ஏலமலை பார்டர்ல ஒரு ஹோம் கேஸ்

பேரு, ஊரு, எஸ்டேட், ஹோம் (புள்ளைங்க காப்பகம்) எதையும் சொல்லப்போறதில்ல. ஜேஜே ஆக்ட் 2015, அதான் சிறார் நீதிச் சட்டம், அதுல 74வது பிரிவுன்னு ஒண்ணு இருக்கு, குழந்தைகள் நலக் கமிட்டிக்கு முன்னால வந்த புள்ளையோட அடையாளத்த வெளிய விடக்கூடாது, அதனால இங்க பெரியவ, பய, குட்டின்னே வச்சுக்குவோம். சின்னச் சின்ன விவரத்தையும் கொஞ்சம் நகத்தியிருக்கேன். "இந்த ஹோமெல்லாம் நல்லதா கெட்டதா"ன்னு கேக்குறவங்களுக்கு நான் இந்தக் கேஸத்தான் சொல்றது. ஒரே அம்மாவுக்குப் பொறந்த மூணு பேரு, ஒரே நாள்ல ஹோமுக்குப் போனாங்க, ஒருத்திக்கு அது வாழ்க்கையையே காப்பாத்துச்சு, ஒருத்தனுக்கு அது தேவையே இல்லாம இருந்துச்சு, ஒருத்திக்கு அது உள்ளுக்குள்ள கெடுதல் பண்ண ஆரம்பிச்சிருச்சு. ஹோம் நல்லதா கெட்டதாங்கிற கேள்வியே தப்பு, எந்தப் புள்ளைக்கு, எதுக்காக, எவ்ளோ நாளைக்குன்னு கேக்கணும், அதுவும் குடும்பத்துக்கு ஒண்ணா கேக்காம தலைக்கு ஒண்ணா கேக்கணும்.

எடம்

கம்பம் பள்ளத்தாக்குப் பக்கம் வராதவங்களுக்கு ஒரு ரெண்டு வரி. தேனி ஜில்லாவுல இருந்து இடுக்கி மலைக்கு ஏற குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டுன்னு மூணு பாதை, மூணுலயும் விடியுறதுக்கு முன்னாடியே ஜீப்பு ஏற ஆரம்பிச்சிரும், உள்ள பொம்பளைங்க தூக்குவாளியோட நெருக்கிப்புடிச்சு உக்காந்திருப்பாங்க, ஏலத்தோட்டத்துல காய் எடுக்க, களை எடுக்க, உரம் வைக்க. சாயங்காலம் இறங்கிருவாங்க. இவங்க புள்ளைங்க கீழ அம்மாச்சிகிட்டயோ அப்பத்தாகிட்டயோ இருந்துக்கிட்டு பள்ளிக்கூடம் போகும், ஓரளவுக்கு வண்டி ஓடிரும். சிக்கல் யாருக்குன்னா மேலயே லயத்துல, அதான் எஸ்டேட் வரிசை வீட்ல, தங்கிர்ற குடும்பத்துக்கு. தோட்டத்துல வீடு குடுப்பாங்க, வெறகு கெடைக்கும், கூலியும் கீழ விட ஜாஸ்தி, ஆனா ரேஷன் கார்டு கீழ, ஓட்டு கீழ, சாதிச் சான்றிதழ் கீழ, புள்ளைங்களோட பள்ளிக்கூடமும் அங்கன்வாடியும் மேல. தமிழ்நாட்டுத் திட்டத்துக்கு இவங்க இங்க குடியிருக்கல, கேரளாத் திட்டத்துக்கு இவங்க கார்டு அங்க இல்ல. அப்பாவோ அம்மாவோ இல்லாத புள்ளைங்க படிப்புக்குன்னு கேரளால சிநேகபூர்வம்னு நல்ல திட்டம் ஒண்ணு ஓடுது, லயத்துல பாதிப் பேருக்கு அந்தப் பேரே தெரியாது, தெரிஞ்சவங்ககிட்ட கேக்குற பேப்பர் இருக்காது.

குடும்பம்

புருசன் நிழல் மரத்துல இருந்து விழுந்து செத்தாரு. ஏலத்துக்கு நெழலு வேணும், ஆனா மழை காலத்துல நெழலு கூடிட்டா செடி அழுகும், அதனால மழைக்கு முன்னாடி கொப்பு கழிச்சு விடுவாங்க, அந்த வேலைக்கு உயரம் ஏறத்தான் வேணும். ஆளு போனதும் கைல கொஞ்சம் காசு குடுத்தாங்க, அது காரியத்துக்கும் கடனுக்கும் போயிருச்சு. அந்தம்மாவுக்கு அப்ப முப்பத்திரெண்டு முப்பத்திமூணு இருக்கும். கொஞ்ச நாள் கழிச்சு கூட வேலை பாத்த ஒருத்தரோட சேந்து இருந்தாங்க. நல்லா இருக்கப்ப நல்லாத்தான் இருப்பாரு, சனிக்கிழமை கூலி வாங்குனா ராத்திரி லயமே முழிச்சிருக்கும்.

பெரியவளுக்கு 14, ஒம்பதாவது. பயலுக்கு 9, நாலாவது. குட்டிக்கு மூணு முடிஞ்சிருந்துச்சு.

கீழ ஊர்ல அம்மாச்சி இருக்காங்க, அதே தெருவுல அந்தம்மாவோட தம்பி இருக்காரு, வாழைக்கா மண்டில லோடு ஏத்துற வேலை, இருபத்தேழு வயசு, இன்னும் கல்யாணம் ஆகல. பெரியவ சமைஞ்ச அன்னைக்கே பேச்சு வந்திருச்சு, "மாமன் இருக்கையில வெளிய எதுக்குத் தேடணும்"னு. வீட்டுல ஆம்பள செத்ததுக்கு அப்புறம் அந்தப் பேச்சு வேகமாயிருச்சு. இதுல யாரும் கெட்ட எண்ணத்துல பேசல, அதையும் சொல்லணும், ஒரு வாய் கொறையும், புள்ள நம்ம கண்ணு முன்னாடியே இருக்கும், அந்த ரெண்டாவது ஆளு இருக்க வீட்ல வயசுப்புள்ள இருக்கக்கூடாது, இதுதான் அவங்க கணக்கு. கணக்குல கடைசி வரி சரியானது வேற. ஆனா புள்ளைக்கு 14 வயசு.

கேஸ் வந்த விதம்

தட்டு மாத்த நாள் குறிச்சதும் பெரியவ பள்ளிக்கூடம் வர்றது நின்னு போச்சு. கூடப் படிக்கிற பொண்ணு கிளாஸ் டீச்சர்கிட்ட சொல்லிருச்சு, டீச்சர் 1098க்கு, அதான் சைல்டுலைன் உதவி எண்ணுக்கு, அடிச்சாங்க. (1996ல மும்பைல ஆரம்பிச்ச நம்பர், 2023ல இருந்து மாநில அரசுங்க கைக்கு வந்திருச்சு, அந்த மாத்தம் நல்லதா கெட்டதாங்கிறது தனியா ஒரு சண்டை.) கேரளாப் பக்கம் பஞ்சாயத்துல பொம்பளைங்க, புள்ளைங்க பாதுகாப்பப் பாக்குற ஜாக்ரதா சமிதி இருக்கும், மெம்பர், அங்கன்வாடி டீச்சர், ஆஷா எல்லாம் சேந்து லயத்துக்குப் போனாங்க. நானும் அப்ப ஃபீல்டுல இருந்ததால தமிழ்ல பேச என்னையும் கூப்டாங்க.

கல்யாணப் பேச்சு ஒண்ணு. அதுக்கு மேல பெரியவ உடம்புல பெல்ட்டு தழும்பு. அம்மாவ அடிக்கிறப்ப நடுவுல போயிருக்கா. அதுக்கப்புறம் யோசிக்க என்ன இருக்கு, பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள்ள கமிட்டி முன்னாடி ஆஜர் பண்ணணும்னு சட்டம்.

கமிட்டி முன்னாடி அந்தம்மா சொன்னத இப்பவும் அப்படியே சொல்ல முடியும். "டீச்சரு, ஒண்ண மட்டும் கூட்டிட்டுப் போவாதீக, மூணையும் சேத்துக்கங்க, மூணு நேரம் சோறாவது திங்கும், நான் எப்புடியோ கெடந்துக்குறேன்." மலைல பொம்பள ஸ்டாஃப் யாரா இருந்தாலும் டீச்சர்தான். கைய எடுத்துக் கும்புட்டுக்கிட்டே சொன்னாங்க. எதிர்ல உக்காந்திருந்தவங்களுக்கு அதத் தட்ட மனசு வரல, வீட்ல அடிக்கிற ஆளு இருக்கப்ப சின்னது ரெண்டையும் திருப்பி அனுப்பவும் முடியாது. இடைக்கால ஆர்டர் போட்டாங்க. வயசுக்கு வந்த பொண்ணுக்கு ஒரு ஹோம், பயலுக்கு பசங்க ஹோம், ஆறு வயசுக்கு உள்ள சின்னதுங்களுக்கு வேற எடம். ஆணு பொண்ணு தனித்தனி, சின்னதுங்களுக்குத் தனி வசதின்னுதான் ரூல்ஸே சொல்லுது. ஆக மூணு புள்ளைங்க, மூணு கட்டடம், மூணு ஊரு.

அன்னைக்கு ராத்திரிக்கு அந்த ஆர்டர் சரிதான். ஆனா இடைக்காலம்னு போட்டது எப்ப முடியும்னு யாரும் கேக்கல, பிரச்சன அங்கதான்.

பெரியவ

மொத ரெண்டு வாரம் அவ யார்கிட்டயும் பேசல. பையத் தலைக்கு வச்சுத்தான் படுப்பா. குளிக்கிற எடத்துக் கதவுல உள்ள தாப்பா இருக்கான்னு இழுத்துப் பாத்துட்டுத்தான் உள்ள போவா, தாப்பா லூசா இருந்த ஒரு பாத்ரூமுக்கு அவ போகவே இல்ல, வரிசைல நின்னாலும் அடுத்ததுக்குத்தான் போவா. வார்டன் அம்மா இத கவனிச்சாங்க, கேள்வி கேக்காம ஆசாரியக் கூப்பிட்டு எல்லாத் தாப்பாவையும் மாத்திட்டாங்க. ஏழு புள்ளைக்கு ஒரு கக்கூஸ், பத்து புள்ளைக்கு ஒரு குளியலறைன்னு ரூல்ஸ்ல இருக்கு, எண்ணிப் பாக்குற இன்ஸ்பெக்ஷன் எல்லாம் அதத்தான் எண்ணும், தாப்பாவ இழுத்துப் பாக்குறது எந்தப் படிவத்துலயும் கிடையாது. நல்ல ஹோமுக்கும் மோசமான ஹோமுக்கும் வித்தியாசம் என்னன்னு கேட்டா நான் இதச் சொல்லுவேன்.

அந்த ஹோம் பெருசில்ல, இருபத்தஞ்சுக்குள்ளதான் புள்ளைங்க. கவுன்சிலர் வாரம் ரெண்டு நாள் வருவாங்க, பேரளவுக்கு இல்லாம நெசமாவே உக்காந்து பேசுவாங்க. 7ம் நம்பர் படிவம், தனிநபர் பராமரிப்புத் திட்டம், எல்லா ஹோம்லயும் ஃபைல்ல இருக்கும், பல எடத்துல அம்பது புள்ளைக்கும் ஒரே வரி, "நன்றாகப் படிக்க ஊக்குவிக்கப்படும்". இங்க அவளையே பக்கத்துல வச்சு எழுதுனாங்க. அவ சொன்ன மொத விசயம், "மாமா வந்தா என்னப் பாக்க விடக்கூடாது, அம்மாச்சி வந்தா விடலாம், அம்மா தனியா வந்தா மட்டும் விடலாம்." பார்வையாளர் லிஸ்ட்ட அப்படியே மாத்துனாங்க. மாமன் ஒரு தடவ வேன் புடிச்சு நாலு சொந்தக்காரங்களோட வந்தாரு, கேட்டுக்கு வெளியவே பேசி அனுப்பிட்டாங்க, குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் 2006ல என்ன இருக்குன்னு அமைதியா சொல்லி.

இது வீட்டுல நடக்குமா? நடக்காது. அம்மாச்சி வீட்டுல அந்த கேட்டு கிடையாது. இந்த மாதிரி புள்ளைக்கு ஹோம்ங்கிறது சோறும் எடமும் மட்டும் இல்ல, யாரு உள்ள வரலாம் யாரு வரக்கூடாதுங்கிறத அவ சார்பா நின்னு சொல்ற ஒரு ஆளு. அதுக்குச் சம்பளம் வாங்குற ஆளு, ராத்திரியும் இருக்குற ஆளு. சொந்தத்துல அந்த வேலைய யாராலயும் பண்ண முடியல, ஏன்னா எல்லாரும் ரெண்டு பக்கமும் சொந்தம்.

பய

பயலப் போட்டது ஒரு பெரிய ஹோம். மோசமான ஹோம்னு சொல்ல மாட்டேன், அடிதடி எல்லாம் கிடையாது, சாப்பாடு நேரத்துக்கு வரும், டாய்லெட்டு சுத்தமா இருக்கும். மணியடிச்சா எந்திரி, மணியடிச்சா சாப்பிடு, மணியடிச்சா படு. முதல் மாசம் முடியுறதுக்குள்ள ஒரு தடவ ஓடுனான், பக்கத்து ஊர்லயே புடிச்சிட்டாங்க. ரெண்டாவது தடவ கம்பம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்துட்டான், டீக்கடைக்காரர்கிட்ட குமுளி பஸ்ஸு எதுன்னு கேட்டுருக்கான், அவருக்குச் சந்தேகம் வந்து பன் வாங்கிக் குடுத்து உக்கார வச்சுட்டு போலீஸ் பூத்துல சொல்லிட்டாரு.

ஓடுற புள்ளைன்னு ஃபைல்ல ஏறிருச்சு. "நடத்தைச் சிக்கல்"னு ஒரு வார்த்தை வேற. எல்லாரும் ஏன் ஓடுனான்னுதான் கேட்டாங்க, எங்க போறதுக்கு ஓடுனான்னு ஒருத்தரும் கேக்கல. நான் போய் உக்காந்து கேட்டேன். அவன் சொன்னான், "குட்டிக்குத் தலைல பேன் இருக்கும்க்கா, எதுத்து சீவுனா கத்தும், இவங்களுக்குத் தெரியாது, கீழ்ப்பக்கமா சீவிட்டு அப்புறந்தான் பேன்சீப்பு போடணும்."

அப்பதான் எனக்கு முழுசா வெளங்குச்சு. அம்மா காலைல ஆறரைக்கு வேலைக்குப் போயிருவாங்க, பெரியவ ஏழு மணி பஸ்ஸு, குட்டிய எழுப்பி, மூஞ்சி கழுவி, கட்டன் டீ போட்டுக் குடுத்து, அங்கன்வாடில விட்டுட்டு பள்ளிக்கூடம் போறது இந்தப் பயதான். அப்பன் செத்ததுல இருந்து அதான் அவன் வேலை. ஒம்பது வயசுப் பய அத செய்யக்கூடாதுன்னு நாம சொல்லலாம், ஆனா அவன் கைல இருந்த ஒரே பிடிமானம் அது, அதப் புடுங்கி, தங்கச்சி எங்க இருக்கான்னுகூட சொல்லாம, மணியடிக்கிற எடத்துல போட்டாச்சு. 22ம் நம்பர் படிவத்துல, அதான் சமூக விசாரணை அறிக்கை, கூடப்பொறந்தவங்களோட உறவு எப்படின்னு ஒரு வரி இருக்கும். "சுமுகம்"னு டிக் பண்ணியிருந்துச்சு. அவ்ளோதான். ஆர்டர் போட்டதுல இருந்து 15 நாளைக்குள்ள எழுத வேண்டிய அறிக்கை அது, ஆளுக்கு எத்தன கேஸுன்னு பாத்தா டிக் பண்றவங்கள ரொம்பத் திட்டவும் மனசு வரல.

ஐநா பொதுச்சபை 2009 டிசம்பர்ல மாற்றுப் பராமரிப்புக்குன்னு ஒரு வழிகாட்டுதல் ஏத்துக்கிட்டது, அதுல மூணு விசயம் இந்தக் கேஸுக்குன்னே எழுதுன மாதிரி இருக்கும். வறுமைய மட்டும் காரணமா வச்சு புள்ளையப் பிரிக்கக்கூடாது, கூடப்பொறந்தவங்கள ரொம்ப அவசியம்னா ஒழிய பிரிக்கக்கூடாது, சின்னக் குழந்தைங்கள, முக்கியமா மூணு வயசுக்குள்ள இருக்கதுங்கள, குடும்பச் சூழல்லதான் வைக்கணும். நம்ம ஜேஜே ஆக்ட்லயும் மூணாவது பிரிவுலயே எழுதியிருக்கு, ஹோமுங்கிறது கடைசி வழின்னு. நடைமுறைல அது மொத வழியாத்தான் இருக்கு, ஏன்னா ராத்திரி எட்டு மணிக்குப் புள்ளையக் கூட்டிட்டுப் போனா கதவத் தொறக்குற எடம் அது ஒண்ணுதான்.

குட்டி

குட்டியப் பாக்கப் போன எல்லாரும் சந்தோசமா வந்தாங்க. அழுகல, எல்லார்கிட்டயும் ஒட்டிக்குது, சிரிக்குது. நான் போனப்போ கேட்டத் தாண்டுன உடனே ஓடி வந்து கால கட்டிக்கிருச்சு, தூக்குனா கழுத்தக் கட்டிக்கிருச்சு, "அம்மா"ன்னு கூப்டுச்சு. என்ன அது அதுக்கு முன்னாடி பாத்ததே ரெண்டு தடவதான். எனக்குப் பின்னாடி வந்த கேஸ் சிலிண்டர் போடுற அண்ணன்கிட்டயும் அப்படியே கைய நீட்டுச்சு.

இது பாசம்னு நெனைக்கிறவங்க நெனைக்கட்டும், இந்த வேலைல இருக்கவங்களுக்கு இது கெட்ட சகுனம். ஆயாம்மா காலைல ஒருத்தங்க, ராத்திரி ஒருத்தங்க, லீவுக்கு இன்னொருத்தங்க, எல்லாரும் நல்லவங்கதான், ஆனா யாருமே அதுக்குன்னு இல்ல. மூணு வயசுப் புள்ள யாரு நம்ம ஆளுங்கிறத விட்டுட்டா, எல்லாரையும் நம்ம ஆளாக்கிக்கும். ஜான் பவுல்பி 1951லயே உலக சுகாதார நிறுவனத்துக்கு எழுதுன அறிக்கைல தாய்க்கும் புள்ளைக்கும் நடுவுல இருக்க அந்தத் தொடர்ச்சி அறுந்தா என்ன ஆகும்னு சொல்லிட்டாரு. 2000ல ருமேனியாவுல புக்காரெஸ்டுல 136 குழந்தைங்கள வச்சு ஒரு பெரிய ஆய்வு ஆரம்பிச்சாங்க, பாதிப் பேர ஹோம்லயே, பாதிப் பேர வளர்ப்புக் குடும்பத்துல, குடும்பத்துக்குப் போனதுங்களுக்கு அறிவு வளர்ச்சியும் ஒட்டுதலும் தெளிவா நல்லா இருந்துச்சு, ரெண்டு வயசுக்கு முன்னாடி போனதுங்களுக்கு இன்னும் நல்லா. நம்ம குட்டி அந்த ரெண்டு வயசத் தாண்டித்தான் உள்ள போச்சு, அதுவரைக்கும் ஒரு அண்ணன் கையில வளந்த புள்ள, அதனால திரும்பி வர வழி இருந்துச்சு. இன்னும் ரெண்டு வருசம் அங்கயே இருந்திருந்தா என்ன ஆயிருக்கும்னு நெனச்சுப் பாக்கவே முடியல.

இன்னொரு பயமும் இருந்துச்சு. அந்தம்மா மாசம் ஒருக்கா வந்து பாக்கலாம்னு இருந்துச்சு, மூணு ஊருல மூணு புள்ளைங்க, ஒரு ஊருக்குப் போய்ட்டு வர ஒரு நாள் கூலியும் பஸ்ஸு காசும் போயிரும். ரெண்டு மாசம் பெரியவகிட்ட மட்டும் போனாங்க. பாக்க வராத பெத்தவங்கன்னு ரெஜிஸ்டர்ல விழுந்துட்டா அப்புறம் தத்துக்குத் தகுதின்னு பேச்சு ஆரம்பிக்கும், சின்னப் புள்ள வேற, கேக்குறதுக்கு வரிசைல ஆளு நிக்கும். அம்மா உசுரோட இருக்க, அண்ணன் பேன்சீப்போட ஓடி வர்ற புள்ள அது.

பேப்பர்

மூணாவது மாசம் ரிவியூ வந்தப்பதான் மூணு புள்ளையையும் மூணு கேஸா பிரிச்சுப் பேச ஆரம்பிச்சோம். மொத ஆஜர்ல இருந்து நாலு மாசத்துக்குள்ள முடிவான ஆர்டர் வரணும்னு 36வது பிரிவு சொல்லுது, அது ஒரு விதத்துல உதவியா இருந்துச்சு, இல்லன்னா இடைக்காலம் அப்படியே நிரந்தரமாயிரும்.

அம்மாச்சி வீடு நல்ல வீடு. ஓட்டு வீடு, ரெண்டு ஆடு, விதவை பென்சன், ரேஷன் கார்டு. அம்மாச்சி திடமான மனுசி. பெரிய கேள்வி சோறுதான், அந்தம்மாவே கமிட்டில அதத்தான சொன்னாங்க. அத உக்காந்து கணக்குப் போட்டோம். தமிழ்நாட்டுல கவர்மெண்டு ஆரம்பப் பள்ளில காலைச் சாப்பாடு 2022ல ஆரம்பிச்சு அடுத்த வருசமே எல்லா ஊருக்கும் வந்திருச்சு, மத்தியானம் சத்துணவு எப்பவும் இருக்கு, குட்டிக்கு அங்கன்வாடி. மிச்சம் ராத்திரிச் சாப்பாடும் துணிமணியும். மிஷன் வாத்சல்யான்னு மத்திய அரசோட புள்ளைங்க பாதுகாப்புத் திட்டம் இருக்கு, அதுல ஸ்பான்சர்ஷிப், அதான் குடும்பத்தோட இருக்க புள்ளைக்கு உதவித்தொகை, மாசம் 4,000 ரூபா ஒரு புள்ளைக்கு. ஹோம்ல வச்சா புள்ள பராமரிப்புக்கு அதே திட்டத்துல மாசம் 3,000, அதுக்கு மேல கட்டடம், ஸ்டாஃப் சம்பளம் எல்லாம் தனி. இந்த ரெண்டு நம்பரையும் பக்கத்துல வச்சுப் பாத்தா யாருக்கும் கேக்கத் தோணும், அந்தக் காச மொதல்லயே அந்தம்மா கைல குடுத்திருக்கலாமேன்னு. குடுத்திருந்தா பெரியவ பிரச்சன தீந்திருக்காது, அத மறந்துறக் கூடாது, ஆனா சின்னது ரெண்டும் கட்டடம் பாத்திருக்க வேண்டியதில்ல.

சொல்றதுக்குச் சுலபமா இருக்கு. வாங்குறதுக்குள்ள உசுரு போச்சு. கிராமத்துல வருச வருமானம் 72,000க்குள்ள இருக்கணும். அந்தம்மா மலைல வாங்குற கூலிய 12 மாசத்துக்குப் பெருக்குனா தாண்டிரும், ஆனா வேலை 12 மாசமும் கெடையாது, மழைல நாலு நாள் கூலி போகும். வருமானச் சான்று கீழ விஏஓ குடுக்கணும், அவருக்கு மேல என்ன சம்பாதிக்கிறாங்கன்னு தெரியாது. விதவைன்னு காட்டலாம்னா தெருவுல நாலு பேரு "அவதான் இன்னொருத்தனோட இருக்காளே"ன்னு சொல்றாங்க. கடைசில அம்மாச்சிய கார்டியனா காட்டி, புள்ளைங்க அவங்க பராமரிப்புலன்னு போனதுக்கு அப்புறந்தான் வழி பொறந்துச்சு. பயலோட ஆதார்ல எஸ்டேட் அட்ரஸ், பேங்குல கணக்கு தொறக்க அத மாத்தணும். பள்ளிக்கூட டிசி மேல சம்பூர்ணால (கேரளா பள்ளிக்கூட ஆன்லைன் பதிவு) இருந்து எடுத்து, கீழ ஈமிஸ்ல (தமிழ்நாட்டுது) ஏத்துனாத்தான் நாலாவதுல உக்காரலாம், அந்த ஒரு வேலைக்கு ரெண்டு எச்எம்மும் ஃபோன்ல பேசிக்க வேண்டியிருந்துச்சு, பேசுனாங்க, நல்ல மனுசங்க. அறிக்கை எல்லாம் மலையாளத்துல, கீழ படிக்கிறவங்க தமிழு, உக்காந்து ராத்திரி ராத்திரியா தமிழ்ல எழுதிக் குடுத்தோம். மேல இருக்க கமிட்டில இருந்து கீழ இருக்க கமிட்டிக்கு புள்ளைய மாத்துறதுக்கு 95வது பிரிவு இருக்கு, சொந்த ஊரு வேற எல்லைல இருந்தா, விசாரிச்சுட்டு, புள்ளைக்கு நல்லதுன்னா அங்க மாத்தலாம், கூட ஆள் போட்டு அனுப்பணும். குமுளி செக்போஸ்ட்ட ஜீப்புல அஞ்சு நிமிசத்துல தாண்டிரலாம். ஃபைல் தாண்டுறதுக்குப் பல வாரம்.

பயலும் குட்டியும் ஒரே நாள்ல அம்மாச்சி வீட்டுக்குப் போனாங்க. ஒரே நாள்ல போகணும்னு நாங்க ஒத்தக் கால்ல நின்னோம், ஒருத்தன முன்னாடி அனுப்புறது ஈசியாத்தான் இருந்துச்சு. குட்டி மொத நாள் அவன அடையாளம் தெரியாத மாதிரிதான் பாத்துச்சு. அவன் ஒண்ணும் பேசல, பைல இருந்து சீப்ப எடுத்தான். அப்புறம் ஒரு மாசத்துக்கு குட்டி ராத்திரி வீல்னு அழுகும், அம்மாச்சி பயந்து ஃபோன் அடிப்பாங்க, நான் சொல்லுவேன் அழுகட்டும் அத்தே, அழுகுறதுதான் நல்லது, அழுதா யாரு வருவாங்கன்னு அதுக்குத் தெரிய ஆரம்பிச்சிருக்குன்னு. ஆறு மாசம் கழிச்சு நான் போனப்போ என்னப் பாத்து அம்மாச்சி சேலைக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கிருச்சு. அதப் பாத்து அவ்ளோ சந்தோசப்பட்டது நான் ஒருத்தியாத்தான் இருக்கும். அந்தம்மா இப்ப தினம் ஜீப்புல ஏறி இறங்குற ரகமாயிட்டாங்க, அந்த ஆளு மேல லயத்துலயே நின்னுட்டாரு.

பெரியவள மட்டும் ஏன் அங்க விடலன்னு ஊர்ல இன்னும் கேக்குறாங்க. அதே தெருவுலதான மாமன் வீடு. சின்னது ரெண்டுக்கும் பத்திரமான வீடு அவளுக்குப் பத்திரம் இல்ல. "குடும்பத்தோட சேத்து வைக்கிறது"ன்னு ஒரே பேனால மூணு பேருக்கும் எழுதியிருந்தா அவளுக்கு இப்ப கைல புள்ள இருக்கும்.

நம்பரும் நம்ம ஊரும்

இந்தக் கேஸ ஏன் தனி ஒரு கேஸா பாக்க முடியாதுன்னா, 2016-17ல மத்திய அரசு எடுத்த கணக்குல நாடு முழுக்க 9,589 ஹோம், கிட்டத்தட்ட 3.7 லட்சம் புள்ளைங்க. அதுல தமிழ்நாடு, கேரளா, மகாராஷ்டிரா மூணுல மட்டும் நாப்பது சதவீதத்துக்கு மேல ஹோம். நாங்க இருக்குற பார்டருக்கு ரெண்டு பக்கமும் அந்த லிஸ்ட்ல இருக்கு. நம்ம ரெண்டு மாநிலமும் ரொம்ப ஏழை மாநிலம் இல்ல, அனாதைப் புள்ளைங்க இங்க அதிகம் பொறக்கல, ஹோம் நடத்துற பழக்கம் அதிகம், அதான். மே மாசம் வந்தா எஸ்டேட் லயத்துல ஆளு வருவாங்க, இலவசமா படிக்க வைக்கிறோம்னு, பெத்தவங்க கையெழுத்து போட்டு அனுப்பிருவாங்க. 2014 மே மாசம் பாலக்காடு ஜங்ஷன்ல பீகார், ஜார்கண்ட் பக்கமிருந்து ரயில்ல கொண்டு வந்த நூத்துக்கணக்கான புள்ளைங்கள சரியான பேப்பர் இல்லன்னு நிறுத்துனாங்களே, அது பெரிய நியூஸாச்சு, கேரளால பெரிய அரசியலும் ஆச்சு. ஜீப்புல மூணு மூணு பேரா வர்றது நியூஸ் ஆகாது.

ஹோமுக்குப் புள்ள தேவைப்படுது, இது கசப்பான விசயம். பர்த்டேக்கு சாப்பாடு போட வர்றவங்க எத்தன புள்ளைங்கன்னுதான் மொதல்ல கேப்பாங்க. கேக் வெட்டி, புள்ளைங்கள வரிசைல நிக்க வச்சுப் பாட வச்சு, ஃபோட்டோ எடுத்து, பயலுக்கு அது மாசம் நாலு தடவ. "யாரோ ஒருத்தருக்கு ஹேப்பி பர்த்டே பாடணும்க்கா"ன்னான். குடுக்குறவங்க மனசக் குறை சொல்லல, அந்த பிரியாணிக் காச ஒரு அம்மாச்சியோட கரண்டு பில்லுக்குக் குடுங்கன்னா யாரும் குடுக்க மாட்டாங்க, அங்க ஃபோட்டோ இல்ல.

அதுக்காக எல்லாத்தையும் மூடிட்டு வீட்டுக்கு அனுப்புங்கிறதும் எனக்கு ஒத்து வரல. 2020 செப்டம்பர்ல தேசிய குழந்தைகள் உரிமை ஆணையம் எட்டு மாநிலத்துக்கு எழுதுச்சு, ஹோம்ல இருக்க புள்ளைங்கள 100 நாள்ல குடும்பத்தோட சேக்கணும்னு. அந்த எட்டுல தமிழ்நாடும் உண்டு, கேரளாவும் உண்டு, ஆந்திராவும் உண்டு. பெரியவ மாதிரி புள்ளைக்கு 100 நாள் கணக்கு வச்சா என்ன ஆகும்? அந்த டிசம்பர்ல சுப்ரீம் கோர்ட்டு உள்ள வந்து, வீட்டுக்கு அனுப்புன புள்ளைங்க படிப்புக்கு மாசம் 2,000 ரூபா குடுக்கச் சொன்னது கொஞ்சம் ஆறுதல். அதே கோர்ட்டு 2017 மே மாசம் குடுத்த தீர்ப்பு இன்னும் முக்கியமானது, 2007ல மாமல்லபுரம் பக்கத்து ஹோம் பத்தி வந்த ஒரு பத்திரிகைச் செய்தில இருந்து ஆரம்பிச்ச கேஸ் அது. எல்லா ஹோமையும் பதிவு பண்ணு, ஒவ்வொரு புள்ளைக்கும் தனித்தனி பராமரிப்புத் திட்டம் எழுது, ஹோம் இல்லாத வழியையும் பாருன்னு அதுல இருக்கு. ஒவ்வொரு புள்ளைக்கும் தனித்தனின்னு கோர்ட்டே சொல்லியாச்சு, நாங்க புதுசா ஒண்ணும் கண்டுபுடிக்கல.

இப்ப

பய ஆறாவதையும் தாண்டிட்டான், காலைச் சாப்பாடு அஞ்சாவதோட முடிஞ்சு போச்சுன்னு அம்மாச்சிக்குக் கவலை. ஸ்பான்சர்ஷிப் நடுவுல ரெண்டு தடவ நின்னு நின்னு வந்துச்சு, நிக்கிற மாசம் மளிகைக் கடைல கடன் ஏறும், கடன் ஏறுனா "திரும்ப ஹோம்ல சேத்துரலாமா டீச்சரு"ன்னு அந்தம்மா கேப்பாங்க. நெசமாவே ஒரு புள்ளைய ஹோமுக்கு அனுப்புறதும் நிறுத்துறதும் அந்த ட்ரெஷரி பில்லு பாஸ் ஆகுற தேதிலதான் இருக்கு.

பெரியவ பத்தாவது முடிச்சு, ப்ளஸ் டூவும் எழுதிட்டா. தம்பி தங்கச்சிய மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை ஹோம்ல வச்சே பாக்குறா, அந்தம்மா கூட்டிட்டு வருவாங்க. நர்சிங் படிக்கணும்ங்கிறா. 18 முடிஞ்சா ஹோம்ல இருக்க முடியாது, அதுக்குத்தான் 46வது பிரிவுல ஆஃப்டர்கேர், அதான் ஹோம விட்டு வெளிய போறவங்களுக்கான உதவி, 21 வரைக்கும், ரொம்ப அவசியம்னா இன்னும் ரெண்டு வருசம். அவளுக்கு வர்ற ஆவணியோட 18 முடியுது. காலேஜ் ஹாஸ்டல் தொறக்குறது எப்பன்னு இன்னும் தேதி வரல, ஆஃப்டர்கேர் மனு ஜில்லா ஆபீஸ்ல இருக்கு, ரெண்டுக்கும் நடுவுல ஒரு மாசம் இடைவெளி விழுந்தாலும் அவ எங்க படுப்பான்னு கேள்வி வரும். மாமனுக்கு இன்னும் கல்யாணம் ஆகல. அதனால ஆர்டர் முன்கூட்டியே வேணும்னு வாரம் ஒருக்கா போய் நின்னுக்கிட்டு இருக்கோம்.